கடைசியாக வந்த தீவன லாரி

1. பழனிசாமி வந்த காலை

"உங்க கம்ப்யூட்டரு எங்க மானத்த வாங்கிப்போட்டுதுங்க!"

நாமக்கல் அலுவலகத்தில் என் மேசைக்கு முன் நின்று இவ்வாறு முழங்கியவர் மல்லசமுத்திரத்து முட்டைக்கோழிப் பண்ணையாளர் பழனிசாமி. நான் அந்தக் கோழித்தீவன நிறுவனத்தில் நிர்வாக மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பண்ணைகளுக்குத் தீவனம் அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் ஏ.ஐ. ஏஜென்ட் புகுத்தப்பட்டபோது, அதன் மேற்பார்வைக்கு நிர்வாகம் என்னை மீண்டும் அழைத்தது. அந்த அழைப்பை நான் கேட்டுப் பெறவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நின்றுவிடும் கணினியை ஏஜென்ட் என்பதில்லை. வேலையை ஒப்படைத்தால், அடுத்தடுத்த முடிவுகளைத் தானே எடுத்து முடிப்பதுதான் ஏஜென்ட். பண்ணையாளர் கைபேசியில் குரல்பதிவு அனுப்புவார். ஏஜென்ட் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு, கால்நடை மருத்துவரை அனுப்பும். லேபுக்குத் தகவல் தரும். மறுநாள் லாரி எந்த வரிசையில் போகும் என்ற ட்ரிப் ஷீட்டையும் போட்டுவிடும். முன்பு பல மேசைகளில் தங்கித் தங்கி நகர்ந்த வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. முதன்முறை அதைக் கண்டபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அலுவலகத்தில் என்னை அப்படி எவரும் பார்த்ததில்லை.

பழனிசாமியின் கோழிகளுக்கு மூச்சுத்திணறல் கண்டிருந்தது. அவர் மறைக்காமல் தெரிவித்தார். நோய் லாரியின் டயரோடு அடுத்த பண்ணைக்குப் போய்விடும் என்பதால், ஏஜென்ட் உடனே அவருடைய பண்ணையை வரிசையின் கடைசிக்கு மாற்றியது. அறிவியல்படி அப்பழுக்கற்ற முடிவு.

ஆனால் மல்லசமுத்திரத் தடத்தில் லாரி எப்போதும் முதலில் நிற்பது அவர் பண்ணையில். அன்று அது எல்லாப் பண்ணைகளுக்கும் போய்விட்டு, மாலையில் அவர் வாசலுக்கு வந்தது. நோய் கண்ட பண்ணைக்கே லாரி கடைசியில் போகும் என்பதை அறிந்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"டீக்கடைல கேக்கறானுங்க: 'ஏனுங்க மாமா, லாரி இப்பத்தான் வருதுங்களா? சளி கோழிக்கா, உங்களுக்கா?'ன்னு. முட்ட யாவாரி போனே எடுக்கறதில்லீங்க. இனி எங்கூட்டுக் கோழி பூராச் செத்தாலும் உங்க மெசினுக்குச் சொல்ல மாட்டேனுங்க."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை உலுக்கியது. அவரைப் பார்த்து மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டால், நோய் ஊரெங்கும் பரவிய பின்தான் எங்களுக்குத் தெரியவரும். என் பணிக்காலத்தில் எந்தப் பண்ணையின் நோய் விவரமும் என் மேசையைத் தாண்டி வெளியே போனதில்லை. அந்தப் பெயருக்கும் அன்று சோதனை.

2. மூன்றாவது கட்டளை

ஏஜென்டை அமைத்தவர் கவிதா, சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள எங்கள் கிளையின் தொழில்நுட்பத் தலைவர். செய்தி கேட்டதும் காரில் புறப்பட்டு வந்துவிட்டார்.

"பழைய வரிசைக்கே போயிடலாமா சார்?"

"நோயத் தூக்கிட்டு லாரி ஊர் சுத்தட்டுங்கறியாம்மா? முன்னெல்லாம் டிஸ்பாட்ச் கிளார்க், 'வண்டி பிரேக்டவுன்'னு ஒரு பொய் சொல்லிச் சமாளிப்பாரு."

"ஏஜென்டுக்குப் பொய் சொல்லப் பழக்கினா, நாளைக்கு நம்மகிட்டயே சொல்லும் சார்."

ஏஜென்டுக்கு இடப்பட்டிருந்த கட்டளைகளைக் காட்டச் சொன்னேன். இரண்டுதான் இருந்தன: நோய் பரவக்கூடாது, டீசல் செலவு குறைய வேண்டும்.

"மரியாதை எங்கம்மா?"

"அதை யாருமே சொல்லலியே சார்."

மூன்றாவதை நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார்: 'எந்தப் பண்ணையில் நோய் என்பது லாரி செல்லும் வரிசையைக் கொண்டு எவருக்கும் தெரியக்கூடாது.'

சில நொடிகளில் புதிய திட்டம் திரையில் விரிந்தது. அந்தத் தடத்துக்கு ஒரு லாரிக்குப் பதில் பல லாரிகள். ஒவ்வொன்றின் வரிசையும் நாள்தோறும் மாறும். நோயுள்ள பண்ணை ஏதேனும் ஒரு லாரியின் கடைசியில் நிற்கும். மற்ற லாரிகளின் கடைசியில் நலமான பண்ணைகள் மாறி மாறி நிற்கும். எவர் நோயினால் கடைசி, எவர் முறையினால் கடைசி என்று வெளியே தெரியாது. கீழே ஒரு குறிப்பு: 'டீசல் செலவு கூடும். நிர்வாகத்தின் ஒப்புதல் தேவை.'

வயதை மறந்து மேசையைத் தட்டினேன். தன் அதிகார எல்லையை அறிந்து ஒப்புதல் கேட்கும் அலுவலரை நான் அதிகம் கண்டதில்லை.

முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"டீசல் ஏறுமேங்க?" என்றார்.

"பண்ணைக்காரங்க வாயத் தொறக்காமப் போனா, தீவனம் ஏத்தறதுக்கு லாரியே வேண்டியிருக்காதுங்க."

"சரி, போடுங்க."

3. நல்லமுத்துவின் குரல்

முதல் வாரம் தொலைபேசி ஓயவில்லை. "எம்பட கோழி தெம்பாத் திரியுது, என்னைய எதுக்குங்க கடைசீல போட்டீங்க?" என்று பலர் சண்டைக்கு வந்தனர். அவர்களில் உரக்கப் பேசியவர் நல்லமுத்து. அவர் பண்ணையில் கோழிகளுக்கு எந்த நோய் வந்தாலும் எங்களுக்கு ஒரு சொல் வந்ததில்லை. "முறை வைத்திருக்கிறோம்; எல்லோருக்கும் வரும்" என்று மட்டும் சொன்னேன். வந்தது. டீக்கடையில் கேலி செய்தவர்கள் வீட்டு வாசலுக்கும் லாரி மாலையில் போய் நின்றது. பேச்சு அடங்கியது. பழனிசாமியின் கோழிகள் தேறின; முட்டை வியாபாரியும் திரும்பி வந்தார்.

பின்னொரு நாள் ஏஜென்டுக்கு வந்த குரல்பதிவைக் கவிதா எனக்கு ஒலிக்கவிட்டார். நல்லமுத்துவின் குரல்.

"ஏஞ்சாமி, நேத்துலருந்து கோழி சரியாத் தீவனம் எடுக்கலீங்க. டாக்டர அனுப்பி உடுங்க. லாரி எப்ப வந்தாலுஞ் சரி போங்க, எல்லாருந்தான் கடைசீல நின்னாச்சே!"

நான் அதைக் கேட்டு முடிப்பதற்குள் மருத்துவருக்குத் தகவல் போய்விட்டது.

இனி ஏஜென்டுகளோடு பணியாற்றப்போகும் இளைய அலுவலர்களுக்கு ஒன்று சொல்வேன். அவற்றிடம் வேலையை ஒப்படைக்கும்போது, முடிவு எவர் வாசலில் எப்படிப் போய் நிற்கும் என்பதையும் நினைத்துக் கட்டளையில் எழுதுங்கள். எந்த ஏஜென்டும் அதை நமக்காக எழுதிக்கொள்ளாது.