ஐந்தாவது டம்ளர்

அன்றைக்கு எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் வீட்டுக்காரர், எதிர்ப்பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த பாய், எங்கள் மாடி அறையில் குடியிருந்த வெள்ளைக்காரர். தூளியில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளையும் சேர்த்தால் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம். தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று கதவை நான்தான் சாத்தியிருந்தேன். நடுவே தரையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதன்மேல் கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர். டம்ளருக்குள் மடித்த ரூபாய் நோட்டுகள். அதை மாடியிலிருந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தவர் அந்த வெள்ளைக்காரர்தான். அந்தப் பணம் எதற்கு என்று எனக்குத் தெரியாது. என் முந்தானையில் முடிந்திருந்த பணம் போதாது என்பது மட்டும் தெரியும்.

ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்துகொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஹெல்பர். அங்கே புது மெஷின்கள் வந்து இறங்கின. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்குப் போலந்து நாட்டிலிருந்து இரண்டு இஞ்சினியர்களும் ஒரு ஃபிட்டரும் வந்தார்கள். இஞ்சினியர்கள் பெங்களூரில் பெரிய ஓட்டலில் தங்கி, தினமும் காரில் வந்து போனார்கள். ஃபிட்டர் மட்டும் ஓட்டலுக்குக் கட்டும் பணத்தைத் தன் கையில் கொடுத்துவிடச் சொன்னாராம். மாதாமாதம் அதில் சிக்கனமாக இருந்து மிச்சம் பிடிப்பது அவர் திட்டம். வீட்டுக்காரர் கூட்டிவந்து எங்கள் மாடி அறையைக் காட்டினார். மனிதர் நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டார், சிரித்தார், சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து தெருவுக்கே அவர் ‘மாடி சார்’.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பில் எப்படியோ, கவலைப்படுவதில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. கைப்பிடி வைக்காத மாடிப்படியில் அவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கவலை. அவருடைய இரும்புப் பெட்டியின் கனத்தில் கூரை இறங்கி, கீழே தூளியில் இருக்கும் பிள்ளைமேல் விழுந்தால்? வெளிநாட்டுக்காரனை வீட்டில் வைத்திருக்கிறாயே என்று போலீஸ் வந்து கேட்டால்? அதற்குரிய காகிதமெல்லாம் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டது என்று வீட்டுக்காரர் எத்தனை முறை சொன்னாலும் என் மனம் கேட்காது. “நீ கவலைப்படறதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுத்தா, இந்நேரம் ரெண்டாவது மாடியே போட்டிருக்கலாம், புள்ள” என்பார்.

எல்லாக் கவலையிலும் பெரியது அட்வான்ஸ். பெங்களூர்ப் பக்கத்து வழக்கம் எங்கள் ஊருக்கும் வந்திருந்தது. வாடகை நூற்றிருபது, அட்வான்ஸ் பத்து மாத வாடகை. காலி செய்யும்போது முழுதாகத் திருப்பித் தர வேண்டும். மாடி சாருக்கு இது பிடிபடவில்லை. அவருக்கு இங்கிலீஷ் எங்களைப்போல அரைகுறைதான். கடை பாய்தான் தெலுங்கு, கன்னடம், தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ் எல்லாவற்றையும் பிசைந்து விளக்கினார். “ஆல் பேக்?” என்று கேட்டார் அவர். “ஆல் பேக் சார், ஆல் பேக். அம்மா தங்கமானவங்கோ” என்று பாய் என்னைக் காட்டினார். ஆயிரத்து இருநூறு ரூபாயையும் மூன்று மாதங்களில் மூன்று தவணையாகக் கொடுத்தார். வந்த வேகத்தில் அது போயிற்று. மாடிப்படிக் கைப்பிடிக்குக் கொஞ்சம், கரண்டு மீட்டருக்குக் கொஞ்சம், வீட்டுக்கு வாங்கியிருந்த கடனுக்கு மீதி. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒருவர் போகும்போது அடுத்து வருகிறவரின் அட்வான்ஸை வாங்கி இவரிடம் கொடுப்பது. அடுத்து யாரும் வராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் ஒருத்திதான் யோசித்தேன். யோசித்து என்ன, பணம் செலவாகிவிட்டது.

காலையில் மாடி பெருக்கப் போகும்போது அவருடைய ஜன்னல் மாடத்தைப் பார்ப்பேன். நான்கு கண்ணாடி டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் பணம். முதல் டம்ளர் வாடகைக்கு, இரண்டாவது சாப்பாட்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும், மூன்றாவது பஸ்ஸுக்கும் சோப்புக்கும், நான்காவது ஊருக்கு. சம்பளம் வந்த அன்று பிரித்து வைப்பதோடு சரி. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட மாட்டார். பஸ் டம்ளர் காலியானால் மாதக் கடைசியில் பேட்டைவரை நடந்தே போவார். பெட்டியில் பூட்டாமல் இப்படிக் கண்ணில் படும்படி ஏன் வைத்திருக்கிறார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவரச் சொன்னேன். பார்த்துக்கொண்டே இருந்தால்தான் கை கூசுமாம். வெள்ளைக்காரர் என்றால் பணம் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்துத் தக்காளிக்காரி அவருக்கு மட்டும் தனி விலை சொல்லுவாள். அவருடைய டம்ளர்களைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். முதல் மூன்று மாதமும் அந்த நான்காவது டம்ளர் வெறுமையாக இருந்ததை நான் பார்த்தேன். அதில் இருந்திருக்க வேண்டியதெல்லாம் என்னிடம் வந்து, கைப்பிடிக் கம்பியாக மாறி, நான் பிடித்து ஏறும் படியிலேயே நின்றது.

அவர் ஊரில் அவரும் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. ஒருநாள் கரித்துண்டால் மாடிச் சுவரில் வரைந்தே காட்டினார். நம் ரூபாயை அங்கே கொண்டுபோனால் மாற்ற முடியாதாம். அதனால் மிச்சம் பிடித்த பணத்தில் பெங்களூரில் தோல் கோட்டுகள் வாங்கிப் போய், குளிர் நாட்டில் விற்று, அதில் கூரை போடுவதாக ஏற்பாடு. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இரண்டு வீட்டுக் கவலையாயிற்று.

அவர் சமைப்பதும் பார்க்கச் சகிக்காது. வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்பு, சில நாள் முட்டை. மறுநாளும் அதுவே. அட்வான்ஸைத் தின்றுவிட்டோமே, அந்த மனிதருக்கு ஒருவேளைச் சோறாவது போடுவோம் என்று நான்காம் மாதத்தில் ஒரு சாயங்காலம் களியும் கீரைக் குழம்பும் அனுப்பினேன். களியை எப்படி விழுங்குவதென்று தெரியாமல் மென்றுகொண்டே இருந்தாராம். “பல்லுக்கு வேலை இல்ல சார், தொண்டைக்குத்தான்” என்று வீட்டுக்காரர் விழுங்கிக் காட்டிவிட்டு வந்தார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. சோறு, களி, ஒன்றும் இல்லாத நாளில் ரசமாவது மேலே போகும். பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து தரும்போது ஒவ்வொரு தடவையும் சட்டைப்பையில் கைவிட்டு, “ஹவ் மச்?” என்பார். நான் கையை ஆட்டி, “அப்புறம் பாத்துக்கலாம் சார்” என்பேன். சோற்றுக்கு விலை சொல்ல யாருக்கு வாய் வரும்? வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் கூடாது. நம்மிடையே யாராக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடுவார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஜன்னல் மாடத்தில் ஐந்தாவது டம்ளர் முளைத்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. நான்குக்கு மேல் என்ன செலவு? வேறு வீடு பார்க்கிறாரோ? அங்கே அட்வான்ஸ் கொடுக்கச் சேர்க்கிறாரோ? அப்படியானால் இங்கே கொடுத்ததைக் கேட்பாரே! பயத்தில் குழம்பில் ஒரு கத்தரிக்காய் அதிகமாகப் போட்டு அனுப்பினேன். “மாடியில டம்ளர் கூடிட்டே போவுது, கீழ கத்தரிக்காய் கூடிட்டே போவுது” என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

ஒரு வருஷம் தாண்டி, ஒரு புதன்கிழமை, மெஷினெல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது, மாடி சாருக்கு டிக்கெட் வந்துவிட்டது என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். திங்கட்கிழமை விமானம். அந்த நேரம் பார்த்துப் பேட்டையில் இரண்டு கம்பெனிகளில் வேலைநிறுத்தம். எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் டு-லெட் பலகை தொங்கியது. யார் புதிதாகக் குடிவருவார்கள்? என் கம்மலை அடகு வைத்தேன். வீட்டுக்காரர் கம்பெனியில் முன்பணம் வாங்கினார். எல்லாம் சேர்த்து அறுநூறு. அதற்குமேல் எங்கே தட்டியும் திறக்கவில்லை. அவர் கோட்டுக் கடையில் சொல்லி வைத்திருக்கிறார் என்பதும், ஞாயிறு மாலைக்குள் பணம் கட்ட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கைப்பிடி இருக்கிறது, அவர் வீட்டில் கூரை இல்லாமல் போகப்போகிறது என்று அந்த நான்கு நாளும் நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மதியம் கடை பாயைக் கூட்டிவைத்துச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம். அப்போதுதான் அவர் டம்ளரோடு இறங்கி வந்தார். துவைத்த சட்டை, வாரிய தலை. டம்ளரைத் தட்டோடு என் முன்னால் வைத்துவிட்டுப் பாயைப் பார்த்து ஏதோ சொன்னார்.

பாய் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏம்மா தங்கச்சி, இத்தினி நாளா நீ சாப்பாடு அனுப்பிச்சியே, அதுக்குக் காசு கேட்டா ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு சொன்னியா?”

“ஆமாண்ணே. சும்மா சொல்றதுதானே?”

“சும்மா சொல்றதாம்! அந்த மனுஷன் அந்த ‘அப்புறம்’ எப்ப வரும்னு காத்துனு இருந்திருக்காரு. சோறோ களியோ வந்தா ரெண்டு ரூபா, வெறும் ரசம்னா ஒரு ரூபான்னு அன்னன்னிக்கு எடுத்து வெச்சிருக்காரு. சில்லறைய என்கிட்டதான் நோட்டா மாத்தினாரு, நான் பேங்க்குல போடறாருன்னு நெனச்சேன். ஐந்நூத்து அறுபத்தஞ்சு இருக்குதாம். கம்மியா இருந்தா மன்னிச்சுக்கோங்க, கோட்டுல ஒண்ணைக் கொறைச்சுட்டு மிச்சத்தக் குடுக்கறேன்ங்கறாரு.”

எனக்கு அழுகை வந்தது. அது எதற்கான அழுகை என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. “ஐயோ, சோத்துக்குக் காசு வாங்கறதா? என்னாங்க, நீங்க சொல்லுங்களேன்” என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தூளியை ஆட்டுவதுபோலத் திரும்பிக்கொண்டார். பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

முந்தானையை அவிழ்த்து அறுநூறை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் கதையைப் பாய்தான் அவருக்குச் சொன்னார், கம்மல்வரைக்கும். மாடி சார் என் காதைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே தெரிந்த மாடிப்படிக் கைப்பிடியைப் பார்த்தார். எழுந்துபோய் அதை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஃபிட்டர் அல்லவா! “குட் வொர்க்” என்றார்.

“இப்ப நான் சொல்றத ரெண்டு பேரும் கேளுங்கோ” என்று பாய் சம்மணம் போட்டு நிமிர்ந்தார். “நீ அவருக்கு ஆயிரத்து எரநூறு தரணும். அவரு உனக்கு ஐந்நூத்து அறுபத்தஞ்சு தர்றேங்கறாரு. அத நீ வாங்க வேணாம், அவரே வெச்சுக்கட்டும். கழிச்சுக்கோ. அறநூத்து முப்பத்தஞ்சு. உன் கையில அறநூறு கீது. தீந்துச்சு.”

“சோத்துக்குக் காசு வாங்கினேன்னு ஊரு சொல்லும்ணே.”

“எங்கம்மா வாங்கினே? உன் கையில ஒரு பைசா வரலியே. அவரு நிம்மதியா சாப்ட்டாருன்னு ஆவணும், நீ நிம்மதியா தூங்கணும். ரெண்டுக்கும் சேத்துதான் இந்தக் கணக்கு.”

அறுநூறையும் டம்ளரையும் மாடி சார் பக்கம் நகர்த்தி வைத்தேன். அந்த டம்ளரை நான் ஏற்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், அவர் கடனோடு சாப்பிட்டவராக அல்லவா ஊருக்குப் போயிருப்பார்! கொடுக்கிறவளின் பெருமையை நான் வைத்துக்கொண்டு, அவர் பெருமையைப் பறித்திருப்பேன். இதெல்லாம் பிற்பாடு தோன்றியது. அன்று தோன்றியது ஒன்றுதான்: முடிந்தது, அவர் வீட்டுக்குக் கூரை உண்டு. நான்கு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப்போய், பசி எடுத்தது. நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். களிதான். அவர் மெல்லாமல் விழுங்கினார்.

பாக்கி முப்பத்தைந்தை என் வீட்டுக்காரர் மறக்கவில்லை. பாயிடம் கைமாற்று கேட்கப் போனார். மாடி சார் அவரைத் தடுத்தார். சட்டைப்பைப் பக்கம் போகாமல் கையை மட்டும் என்னைப்போலவே ஆட்டினார். இத்தனை மாதமாக நான் அவரிடம் சொன்ன வார்த்தையை, எழுத்தெழுத்தாகச் சேர்த்து, “அப்ரோம் பாத்கலாம்” என்றார். பாய் சிரித்த சிரிப்பில் தூளியில் இருந்தவள் விழித்துக்கொண்டாள்.

ஐந்து டம்ளர்களையும் விட்டுவிட்டுப் போனார். விலாசம் வாங்கி வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதமே வேலைநிறுத்தம் முடிந்து மாடிக்குப் புது ஆள் வந்தது, மாதாமாதம் வந்த வாடகையில் கம்மலும் திரும்பியது. அதற்குப் பிறகு யார் கொடுத்த அட்வான்ஸையும் நான் தொட்டதில்லை. அன்று தூளியில் விழித்தவள் இப்போது குளிர் நாடு ஒன்றில் வாடகை அறையில் இருக்கிறாள். வாடகை போக, சாப்பாடு போக, பஸ் போக என்று ஃபோனில் கணக்குச் சொல்வாள். “கீழ் வீட்டு அம்மா ஏதாச்சும் சாப்பிடக் குடுத்தாங்களா?” என்று கேட்பேன். “அதெல்லாம் இங்க கெடையாதும்மா” என்பாள். ஒருநாள் சூப் கொடுத்தார்களாம். உடனே என் வாய் முந்திக்கொண்டது: “காசு எவ்ளோன்னு நல்லாக் கேட்டுக்கோடீ.”

எங்கள் ஜன்னல் மாடத்தில் நான்கு டம்ளர்கள் இன்றும் கவிழ்ந்திருக்கின்றன: கரண்டு, பால், மருந்து, மளிகை. மாதா மாதம் நிரம்பும், காலியாகும். ஐந்தாவது தட்டின்மேல் தனியாக இருக்கிறது. எந்த மாதம் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் செலவுக்காக அதை மட்டும் நான் நிமிர்த்துவதில்லை. நோட்டு பழசானால் புதிதாக மாற்றி வைப்பேன், அவ்வளவுதான். உள்ளே இருப்பது என் காசு அல்ல. அவருக்கு நான் இன்னும் தர வேண்டிய முப்பத்தைந்து ரூபாய்.