பழைய குரல் மாதிரியே பண்ணிக் கொடுங்க

போன வாரம் மலைக்குப் போய்விட்டு வந்தேன். வந்ததிலிருந்து ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டக் கை போகவில்லை. ஏன் என்று சாந்தாமணி கேட்டாள். தலைவலி என்று சொல்லி வைத்தேன். உங்களிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியுமா? வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறீர்களே...

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எழுத்து எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற நாட்களில் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோ. கோயில் பாட்டு, கல்யாண வீடியோவுக்குப் பாட்டு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் பாட்டு. சாந்தாமணி என் மனைவி. மாடிக்கு டீ கொண்டு வருவதைத் தவிர ஸ்டூடியோவுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி வந்தார்கள். மறையூரிலிருந்து மூணாறு போகிற வழியில் ஒரு டீ எஸ்டேட்டில் குடியிருக்கிறார்கள். மனைவி மாரிச்செல்வி கொழுந்து எடுக்கிறார். கணவர் அய்யாத்துரை டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். சின்னாறு செக்போஸ்ட் தாண்டியதும் ரோட்டில் யானை நின்றதாம். பஸ் நகரவில்லை. உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறி வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது.

மாரிச்செல்வி கழுத்தைச் சுற்றிச் சேலைத் தலைப்பைப் போட்டிருந்தார். எங்கள் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை.

பேசியதெல்லாம் அய்யாத்துரைதான்.

எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரிக்குப் பெண்கள் கும்மியடிப்பார்கள். முதல் அடியை மாரிச்செல்விதான் எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். கல்யாணமாகி எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். பிறகு தைராய்டில் கட்டி வந்தது. எடுத்தே ஆக வேண்டிய கட்டி. குரல் கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொன்னாராம். மாறிவிட்டது. பேச்சுக்குக் குறையில்லை. பாட்டில் மேலே போகிறபோது மட்டும் குரல் இல்லை, வெறும் காற்று.

போன திருவிழாவில் அவர் பாடவில்லை. வேறு ஒருவர் அடி எடுத்துக் கொடுத்தார்.

"இந்த வருசம் ரெக்கார்டு பண்ணிப் போடலாம்னு கமிட்டில சொல்லிட்டேன்ண்ணே," என்றார் அய்யாத்துரை. சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "இதுல அவ பழைய பாட்டு இருக்கு. மைக் செட்டுக்காரரு பதிஞ்சு குடுத்தது. இது எல்லாரும் கேட்டது. புதுசா அவ பாடட்டும், இந்தக் குரல் மாதிரியே பண்ணிக் கொடுங்க. கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியும்ங்காகளே."

முடியுமா?

ஈக்வலைசர் என்று ஒன்று இருக்கிறது. பழைய டேப் ரெக்கார்டரில் பாஸ், ட்ரெபிள் என்று இரண்டு திருகு இருக்குமே — அதன் கொள்ளுப்பேத்தி. இப்போது அது கம்ப்யூட்டருக்குள் ப்ளக்-இன் என்கிற ஒட்டு மென்பொருளாக உட்கார்ந்திருக்கிறது. திரையில் ஒரு கோடு. இடது பக்கம் கனமான ஒலிகள், வலது பக்கம் கூர்மையான ஒலிகள். கோட்டை எங்கே தூக்குகிறோமோ அந்த ஒலி கூடும், எங்கே அழுத்துகிறோமோ அது குறையும். மிக்ஸிங்கில் பாதி வேலை இதுதான். பானைக்குள் பேசுவது போல் இருக்கும் குரலைத் தெளிவாக்கலாம். மூக்கால் பாடுகிறவரை ஓரளவு வாயால் பாட வைக்கலாம். நானே செய்திருக்கிறேன், பெயர் சொல்ல மாட்டேன்.

ஆனால் அது இருப்பதைத்தான் கூட்டும். இல்லாததை எங்கிருந்து கொண்டு வரும்?

இதை அய்யாத்துரையிடம் சொன்னேன். "கூட்டலாமுங்க, கொறைக்கலாமுங்க. புதுசா எதும் வராதுங்க."

"முடிஞ்ச வரைக்கும் பாருங்கண்ணே," என்றார். முடியாது என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

மாரிச்செல்வியை மைக் முன்னால் நிறுத்தினேன். பழைய சுதியில் ஆரம்பித்தார். மூன்றாவது அடியில் பாட்டு ஏறுகிறது. அங்கே குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி. மறுபடியும் அதே இடம். "கொஞ்சம் எறக்கிப் பாடட்டுமா?" என்று என்னைக் கேட்டார். கணவரைக் கேட்கவில்லை. சுதியை நன்றாக இறக்கினோம். இந்த முறை முழுதாகப் பாடிவிட்டார். தணிந்த குரல், லேசான கரகரப்பு. அதைக் கேட்டபோது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

அய்யாத்துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு இறங்கினோம். அவருக்கு ஏதோ போன் வந்து வாசலுக்குப் போனார். சாந்தாமணி ரசம் ஊற்றிக்கொண்டே, "அண்ணனுக்கு உங்க பாட்டுன்னா உசுராட்ட இருக்குதுங்க அக்கா," என்றாள்.

மாரிச்செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்தப் பாட்டு தினமும் ஜீப்புல ஓடும் தாயி. ஏறுற டூரிஸ்ட்டுகிட்ட எல்லாம் இவுக, 'என் வீட்டுக்காரி பாடுனது'ம்பாக. நான் வீட்டுல பேசுதேன். அவ ஜீப்புல பாடுதா. இவுக அவளத்தான் கேக்காக."

சாந்தாமணி அப்பளத்தை நகர்த்தி வைத்தாள்.

மறுபடி மாடி ஏறினோம். ஈக்வலைசரில் 'மேட்ச்' என்று ஒரு வசதி உண்டு. ஒரு பாட்டை மாதிரிக்குக் கொடுத்தால், அதன் ஒலி அமைப்பைப் படித்துக்கொண்டு, நம் பாட்டை அதைப் போல மாற்ற என்னென்ன கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று அதுவே கோடு போட்டுக் காட்டும். மாஸ்டரிங் என்கிற கடைசிக் கட்டத்தில் ஆல்பத்தின் பத்துப் பாட்டையும் ஒரே தன்மையில் கொண்டுவர உதவும். பென் டிரைவில் கைத்தட்டல் இல்லாமல் மாரிச்செல்வி தனியாகப் பாடிய பகுதியைத் தேடி எடுத்தேன். அதைப் பழைய குரலாகக் கொடுத்தேன். இப்போது பதிந்ததைப் புதிய குரலாகக் கொடுத்தேன். பட்டனை அமுக்கினேன்.

கோடு வந்தது. இடது பக்கம் தாழ்ந்து, வலது பக்கம் செங்குத்தாக ஏறியது.

அந்த ஏற்றத்தை அப்படியே வைத்தால் மூச்சுக் காற்றும் ஃபேன் சத்தமும்தான் பெரிதாகும். கொஞ்சம் குறைத்தேன். வேறொரு ப்ளக்-இன்னை வைத்துச் சுதியை மேலே தூக்கினேன். 'ச', 'ஷ' வருகிற இடங்களில் காதைக் குத்தியதைத் தனியாக அழுத்தினேன். கூர்மை, மினுமினுப்பு, கொஞ்சம் எக்கோ... வேலை என்று இறங்கிவிட்டால் எனக்கு முன்னால் இருப்பது மனுஷி என்பதே மறந்துவிடும். கோடு மட்டும்தான் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது உண்டு என்று நினைக்கிறேன்.

ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். அப்போது சாந்தாமணி டீயோடு மேலே வந்தாள்.

"ஏனுங்க, யாருங்க அந்தப் புள்ள? நல்லாப் பாடுது."

மாரிச்செல்வி சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டார். டம்ளர்களை வைத்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

"உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?" என்று மாரிச்செல்வியைக் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு பாடுனாலும் நல்லாத்தான இருக்கும்."

அய்யாத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறைக்கவும் இல்லை. மாரிச்செல்வி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதையே குடுத்துருங்கண்ணே," என்றார்.

கொடுத்துவிட்டேன். நல்ல காரியம் செய்த நினைப்பு வேறு. சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நானே இரண்டு தரம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டேன்.

திருவிழாவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று அய்யாத்துரை போன் செய்துகொண்டே இருந்தார். போனேன். மறையூரில் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். நல்ல மூடுபனி. எஸ்டேட்டுக்குள் நுழையும்போதே நான் செய்து கொடுத்த பாட்டு கேட்டது. கோயில் மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நான் சேர்த்த கூர்மையெல்லாம் அந்தக் கூம்பில் ஊசியாக வெளியே வந்தது. எனக்குப் பல் கூசியது. மற்றவர்களுக்கு அப்படியில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் மாரிச்செல்வியைப் பிடித்து நிறுத்தி, "குரலு திரும்பிருச்சே செல்வி" என்கிறார்கள். அவர் சிரித்து வைக்கிறார். ஒருவரிடமாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? அவர்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அங்கேதான் தப்பு நடந்தது. தப்பு என்றால், யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல.

முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் வட்டமாக நின்றார்கள். கும்மிக்கும் அந்தப் பாட்டைத்தான் போடப் போகிறார்கள் என்று எல்லோரும் நின்றோம். கமிட்டிச் செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம செல்விக்கு அந்த ஆத்தா குரலத் திருப்பிக் குடுத்துட்டா. பெறவு எதுக்கு ரெக்கார்டு? அவுகளே பாடட்டும்."

கைத்தட்டல். குலவைச் சத்தம். மாரிச்செல்வி அய்யாத்துரையைத் திரும்பிப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது?

"வேண்டாம்ண்ணே," என்று மாரிச்செல்வி சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்கள் வந்து கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துப் போய் மைக்கைக் கொடுத்தார்கள்.

தணிந்த சுதியில், என் ஸ்டூடியோவில் பாடியது போலவே ஆரம்பித்தார். முதல் அடி. பெண்கள் திருப்பிப் பாடினார்கள். ஆனால் அவர்களுக்குப் பழக்கம் பழைய சுதி. திருப்பும்போது தானாக மேலே ஏற்றிவிட்டார்கள். அடுத்த அடியை அவர் அந்த உயரத்திலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. எடுத்தார். மூன்றாவது அடி ஏறுகிற இடம் வந்தது.

காற்றுதான் வந்தது.

கும்மி நின்றது. மறுபடி முயன்றார். கழுத்தில் நரம்பு புடைப்பது தெரிந்தது. சத்தம் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மழை வந்தால் குடை எடுத்துக் கொடுப்பதைப் போல அவ்வளவு இயல்பாகச் செயலாளர் மைக் செட்டுக்காரரிடம் கையைக் காட்டினார்.

"ஏலே, அந்தப் பாட்டப் போடு. பாவம், மூச்சு வாங்குது அவுகளுக்கு."

மரத்திலிருந்து பாட்டு வந்தது. பெண்கள் அந்த அடியைத் திருப்பிப் பாடினார்கள். வட்டம் சுற்றத் தொடங்கியது. மாரிச்செல்வி கையில் மைக்கோடு நடுவில் நின்றார். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, ஓர் இடைவெளி பார்த்து வட்டத்துக்குள் சேர்ந்துகொண்டார். எல்லோரையும் போலக் குனிந்து நிமிர்ந்து கை தட்டினார். வாய் மட்டும் மூடியே இருந்தது.

அய்யாத்துரை ஜீப் பக்கம் போய்விட்டார். நானும் போனேன்.

"அவளுக்கு நல்லாருக்கும்னு நெனச்சேன்ண்ணே," என்றார்.

அவர் கேட்டார், நான் செய்தேன், மாரிச்செல்வி சம்மதித்தார். மூன்று பேரும் நல்லதைத்தான் நினைத்தோம். ஆனால் மூன்று பேரில் ஒருவராவது அந்தத் தணிந்த குரலுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் பேசியிருக்கலாம். எனக்கு அது பிடித்திருந்ததே...

கொஞ்ச நேரத்தில் மாரிச்செல்வி ஒரு தட்டில் பொங்கலும் மாவிளக்கும் கொண்டு வந்தார். "சாப்புடாமப் போவாதீங்க," என்றார். தொண்டை கட்டி, பேச்சே காற்றாக வந்தது. நான் ஏதோ மன்னிப்புப் போல ஆரம்பித்தேன். "சாரமில்லண்ணே," என்று மலையாளத்தில் முடித்துவிட்டார். பரவாயில்லை என்று தமிழில் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள்.

முந்தாநாள் மாரிச்செல்வி போன் செய்தார். இவர் போன் செய்வது இதுதான் முதல் தடவை.

"அந்தப் பாட்ட அழிக்க முடியுமாண்ணே?"

என் கம்ப்யூட்டரில் அழிக்கலாம். எஸ்டேட்டில் எத்தனை போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதோ? அதைச் சொன்னேன்.

"அப்படியா," என்றார். பிறகு, "அன்னிக்கு எறக்கிப் பாடுனேன்ல. அது இருக்கா? அதுல எதுவும் கூட்டாமப் பண்ணித் தருவீயளா?"

"தரனுங்க. எங்கீங்க போடப் போறீங்க?"

"எங்க போட? எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்."

போனை வைத்த கையோடு மாடிக்குப் போய் அந்தப் பதிவைத் திறந்து ஸ்பீக்கரில் போட்டேன். ஈக்வலைசரில் கோடு சமமாக, நேராகக் கிடந்தது. ஃபேன் இரைச்சல் வருகிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன அழுத்து அழுத்தினேன். வேறு எதையும் தொடவில்லை. மூன்றாவது அடியில் அவர் மூச்சு எடுப்பது கேட்கிறது. அதையும் விட்டுவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. பதில் இன்னும் இல்லை.

கேட்டிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.