கடைசி வரி என்னுடையது

அமெரிக்காவில், இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் முதல் இட்லி மாவுக் கடை நான் போட்டது. பனிக்காலத்தில் மாவு புளிக்காது என்று எல்லாரும் சொன்னார்கள். வெந்நீர் ஹீட்டருக்குப் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துப் புளிக்க வைத்தேன். பிறகு மளிகைக் கடை, பிறகு இருநூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம். எல்லாம் எட்டாம் வகுப்புப் படிப்போடு. அப்படிப்பட்டவன் இன்று சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் நிற்கிறேன். மேசை முழுக்க என் மனைவி பத்மாவின் புத்தகம்.

அறுபது வயதில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவல் ஒன்று, முழுக்கக் கடிதங்கள். தையல் வேலை செய்யும் பெண் தன் அக்காவுக்கு எழுதுவதாகக் கதை. அதன் மொழிநடையைப் பற்றி இவள் கட்டுரை எழுத வேண்டுமாம்.

"இவ துணி தைக்கிறவ. ஆனா லெட்டரப் பாருங்க, ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகுது. அழும்போதுகூட ஒரு கமா தப்பல. இது இவ பேச்சே இல்ல. பின்னாடி படிச்ச ஆம்பள ஒருத்தர் உக்காந்திருக்கார்," என்றாள். பிறகு தலை நிமிராமல், "உங்க லெட்டர் மாதிரி," என்றாள்.

தட்டை நாற்காலியில் வைத்தேன்.

வந்த புதிதில் ஜெர்சி சிட்டியில் ஒரே அறையில் நானும் அருளப்பனும் இருந்தோம். அவர் தமிழ் எம்.ஏ. சமையல் என் பொறுப்பு. கோவில்பட்டியில் இருந்த பத்மாவுக்குக் கடிதம் எழுதித் தருவது அவர் பொறுப்பு. அதை நான் என் கையெழுத்தில் பார்த்தெழுதி அனுப்புவேன். அந்தக் கடிதங்களில் பனி வெண்பட்டாக விழுந்தது, பிரிவு நெஞ்சை அறுத்தது. நான் ஹோட்டலில் பாத்திரம் கழுவியது மட்டும் எதிலும் இல்லை.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ரெண்டாவது லெட்டர்லயே. நீங்க என்னிக்காவது என்னை 'ஆருயிரே'ன்னு கூப்பிட்டிருக்கீங்களா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா லெட்டர் நின்னுபோயிருமே."

"அப்போ அருளப்பன் தமிழுக்காகத்தான் இங்க வந்தியா?"

பென்சிலைக் கீழே வைத்தாள். "ஒரு லெட்டர்ல, அடியில நீங்களா கிறுக்கியிருந்தீங்க. 'கை வெடிச்சு ரத்தம் வருது. தேங்காயெண்ணெய் அனுப்பு.' அதப் பாத்துட்டுத்தான் பாஸ்போர்ட்டுக்கு ஓடுனேன்."

அவள் குளிக்கப் போனதும் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் வரும். நாவலோடு ஒப்பிட எங்கள் கடிதங்களையும், அந்தத் தேங்காயெண்ணெய் வரியையும் சேர்த்திருக்கிறாள். கடிதம் எழுதியவர் என்று அருளப்பன் பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது. நான் 'ஒரு கணவன்'.

அவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் பெயர் இருக்கட்டும், எழுதியவர் அவர்தான். ஆனால் அவர் எழுத உட்கார்ந்த வயிற்றுக்குச் சோறு போட்டவன் நான். கோவில்பட்டிக்கும் ஜெர்சி சிட்டிக்கும் நடுவே அத்தனை வருடம் பறந்ததெல்லாம் அவருடைய தமிழ். நானாகப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒருத்தி கடல் கடந்து வந்தாள். பத்மாவிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன்: அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட வேண்டும். கோ. சுடலைமுத்து. இனிஷியலோடு.