நாங்க மூணு கம்பத்துல இருக்கோம்

இது நடந்தது. சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன். ஆனால் எங்கள் குடும்பத்துச் சத்தியத்துக்கு லூசியானா சதுப்பில் பெரிய மதிப்பு கிடையாது. வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றி மீன் பிடிக்கக் கூட்டிப் போவது எங்கள் தொழில். அந்தத் தொழிலில் தூண்டிலுக்கு அடுத்தபடி முக்கியமானது பொய்.

அதனால்தான் மணி, நிமிஷம் எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். மற்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் மீன் எங்கே கடிக்கிறது என்று யாரும் யாரிடமும் உண்மை சொல்ல மாட்டார்கள். வயர்லெஸ்ஸில் "எங்க இருக்கே?" என்று கேட்டால், பதிலுக்கு ஒரு பொய்யான இடத்தைச் சொல்வதுதான் மரியாதை. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பொய் இடம் உண்டு. என் அம்மாவின் தம்பி வெல்டன் மாமாவுடையது மூணு கம்பம். சதுப்பின் கோடியில், எந்தக் காலத்திலோ எண்ணெய் கம்பெனிக்காரன் நட்டுவிட்டுப் போன மூன்று மரக் கம்பங்கள். சுற்றிலும் சேறு. செல்போன் சிக்னல் கிடையாது, மீனும் கிடையாது. யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். பொய் சொல்ல அதைவிட வசதியான இடம் எது?

ஒருவர் போய்ப் பார்த்தார். எங்கள் ஊர் ஓரிஸ் அண்ணன்.

போன வருஷம் நவம்பர். வாத்து சீசன் திறப்பதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. மீன்காரர்களாகிய நாங்கள் எல்லோரும் மறுநாள் விடிந்தால் வேட்டைக்காரர்கள். அந்த ஒரு நாளில் ஒரே ஒரு தர்மம்தான் உண்டு: அடுத்தவன் குத்தகைக்கு எடுத்த வாத்துக் குளத்துக்குள் மோட்டார் ஓட்டாதே. ஓட்டினால் வாத்தெல்லாம் கிளம்பிப் போய்விடும். அவனுக்கு முதல் நாளே பாழ்.

நாங்கள் அன்றைக்கு இருந்தது ஓரிஸ் அண்ணனின் குளத்தில். அங்கே கத்தாளை மீன் கூட்டம் கூட்டமாகக் கிடந்தது. மாமாவுக்குக் கை சும்மா இருக்குமா?

காலை ஆறரைக்கு வயர்லெஸ்ஸில் ஓரிஸ் அண்ணன் குரல் வந்தது.

"வெல்டா, என் குளத்துப் பக்கம் ஏதோ மோட்டார் சத்தம் கேக்குதுப்பா. நீ எங்க இருக்கே?"

"மூணு கம்பம்," என்றார் மாமா, கண் இமைக்காமல்.

"கடிக்குதா?"

"வெறி புடிச்ச மாதிரி கடிக்குது!"

"அப்ப நான் அங்க வரேன். அரிசி சாசேஜ் சுட்டு எடுத்துருக்கேன். உன் அக்கா மவனுக்கும் சேத்துத்தான்."

மாமா மைக்கை மாட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கொஞ்ச நேரத்தில் வாடைக்காற்று பிடித்துக்கொண்டது. வாடை அடித்தால் சதுப்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் வழித்துக் கடலில் கொட்டிவிடும். நாங்கள் தப்பித்து வந்துவிட்டோம். அவர் வரவில்லை.

ஷெரீஃபின் ஆட்கள் மாமாவிடம் வந்து கேட்டார்கள். "கடைசியா எங்க போறேன்னு சொன்னாரு, தெரியுமா?" உண்மையைச் சொன்னால் அடுத்தவன் குளத்தில் திருடிய கதையும் சேர்ந்து வெளியே வரும். "தெரியாது," என்றார் மாமா. நான் பக்கத்தில்தான் நின்றேன். என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வடக்கு ஏரியில் இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள், சிப்பி எடுக்கப் போன ஒருத்தன்தான் அவரைக் கண்டுபிடித்தான். மூணு கம்பத்தில், படகிலிருந்து நாற்பதடி தள்ளி, தொடை வரைக்கும் சேற்றில். குளிரில் விறைத்து, முந்தின ராத்திரிதான் செத்திருக்கிறார் என்றார்கள்.

ஊரில் யாருக்கும் புரியாதது ஒன்றுதான். அவர் ஏன் படகை விட்டு இறங்கினார்? சேற்றில் சிக்கினால் இறங்கக் கூடாது, தண்ணீர் திரும்பும் வரை படகிலேயே உட்கார வேண்டும். இது எங்கள் ஊரில் நாலு வயசுக் குழந்தைக்கும் தெரியும்.

அவர் குளம் குத்தகைக்கு வந்தது. மாமா எடுத்துக்கொண்டார். துக்கத்துக்கு முதல் மாலையும் அவருடையதுதான்.

இனிமேல்தான் கதை.

இந்த வருஷம். அதே வெள்ளிக்கிழமை. காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு மாமாவுக்கு ஒத்தாசையாக வந்திருந்தேன். படகில் நாங்கள் இரண்டு பேர், டாலஸிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவர். ஒன்பது மணி வரை மீன். அப்புறம் கோரை வெட்டி, வாத்து சுட ஒளிந்து உட்காரும் மறைப்பை மூட வேண்டும். மறுநாள் வேட்டை.

5:50-க்குக் கரையை விட்டோம். சரியான மூடுபனி. 6:40-க்குக் குளத்தில் நங்கூரம் போட்டோம். இப்போது எங்கள் குளம். ஆழம் காட்டும் மெஷினில் மூன்றரை அடி.

"டாக்டர், இன்னைக்கு மீனுக்குக் கெட்ட நேரம். நாளைக்கு வாத்துக்கு," என்றார் மாமா.

"எனக்கு எப்ப?"

"நாளைக்கு ராத்திரி. எங்க அக்கா சமையல்."

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியபோதுதான் கவனித்தேன். வேறு சத்தமே இல்லை. சீசனுக்கு முந்தின நாள் அந்தக் குளத்தில் ஆயிரம் வாத்தாவது கத்தும். ஒன்று கூட இல்லை.

முதல் அரை மணி நேரம் நன்றாகக் கடித்தது. அப்புறம் கத்தியால் வெட்டின மாதிரி நின்றுவிட்டது.

"ஆகா, யாரோ சமைக்கறாங்க," என்றார் டாக்டர், மூக்கைத் தூக்கி.

மிளகு, பன்றிக்கறி, சுட்ட அரிசி... எனக்கும் வந்தது அந்த வாசனை. மாமா தலையைத் திருப்பவில்லை.

7:10.

வயர்லெஸ் கரகரத்தது.

"வெல்டா... வந்துட்டேன். எங்க இருக்கே?"

மாமா தூண்டிலில் இறால் கோத்துக்கொண்டிருந்தார். யோசிக்கவே இல்லை. முப்பது வருஷப் பழக்கம். கை தானாக மைக்கை எடுத்தது, வாய் தானாகச் சொன்னது.

"மூணு கம்பம்."

சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. இறால் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"நானும் அங்கதானே இருக்கேன்," என்றது குரல். "உன்னைக் காணோமே."

"யாருங்க அது? சாசேஜ் அவர்கிட்டயா?" என்றார் டாக்டர்.

"எவனோ குடிகாரன்," என்றார் மாமா. "தூண்டிலைப் பாருங்க."

எனக்கு அந்தக் குரல் தெரியும். 'வெல்டா' என்று கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட ஊரில் ஒரே ஆள்தான் இருந்தார்.

"மாமா... கெளம்பிடலாம்."

"வாய மூடிட்டு உக்காருடா, காலேஜு."

7:31.

"வெல்டா... தண்ணி வத்துதுப்பா."

மெஷினைப் பார்த்தேன். மூன்றரை அடி இருந்த இடத்தில் ஒன்றரை. காற்றே இல்லை. இலை அசையவில்லை. தண்ணீர் எங்கே போகிறது?

மாமா மோட்டாரைத் திருகினார். அது சேற்றைக் கக்கியது. நிறுத்திவிட்டார்.

பனிக்குள் ஏதோ ஒன்று நெட்டுக்குத்தலாக நின்றது. ஒரு கம்பம்.

அப்புறம் இரண்டாவது.

மூன்றாவதை நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். ஜி.பி.எஸ்.ஸில் எங்கள் படகு குளத்தின் நடுவில்தான் இருந்தது.

7:52.

"சிக்கிட்டேன் வெல்டா... ஏரியல் ஒடஞ்சுருச்சு. நான் பேசறது கேக்குதா? நீ பக்கத்துலதானே இருக்கே?"

மாமா குனிந்து, பேட்டரியிலிருந்து வயர்லெஸ்ஸின் வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது.

"இப்பப் பேசச் சொல்லு," என்றார். அவர் பல் தந்தியடித்தது. குளிரே இல்லை.

டாக்டர் உயிர்காப்புச் சட்டையை மாட்டி, கடைசி பொத்தான் வரை போட்டுக்கொண்டார்.

காத்திருந்தோம்.

படகின் அடி சேற்றில் தட்டியது... டொக்.

8:05.

விளக்கு எரியவில்லை. வயர் என் காலடியில் கிடந்தது.

"பிளேஸ்..."

என் பெயர்.

"நீயாவது சொல்லு தம்பி. எங்க இருக்கீங்க?"

மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம்...

நான் மைக்கை எடுத்தேன். ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது. ஷெரீஃபிடம் வராதது. அவர் சவப்பெட்டி முன்னால் வராதது.

"உங்க குளத்துல, அண்ணே. நாங்க மூணு கம்பத்துக்கு வரவே இல்ல. உங்க குளத்துலதான் இருக்கோம்."

"ஓ," என்றது குரல். கோபமே இல்லை.

அப்புறம் ஒரு சத்தம்.

சளக்.

அவ்வளவுதான்.

8:06-க்குப் பனி விலகியது. திரையை இழுத்த மாதிரி. வெயில், கோரை, தண்ணீர். மெஷினில் மூன்றரை அடி. கம்பம் எதுவும் இல்லை. குளம் முழுக்க வாத்து, காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

கரைக்கு வந்து படகிலிருந்து இறங்கியதும் டாக்டர் நேராகக் காருக்குப் போனார். வேட்டைத் துப்பாக்கியை எங்கள் படகிலேயே விட்டுவிட்டார். இன்றுவரை கேட்டு வரவில்லை.

"நீ ஒண்ணும் கேக்கல," என்றார் மாமா, கயிற்றைக் கட்டிக்கொண்டே. "நானும் ஒண்ணும் கேக்கல."

"நான் வெர்னா அண்ணிகிட்டப் போய்ச் சொல்லப்போறேன் மாமா. எல்லாத்தையும்."

"சொல்லு. உன்னையும் சேத்துத்தானே சொல்லணும்?"

வெர்னா அண்ணி ஓரிஸ் அண்ணனின் மனைவி. மதியம் மூன்று மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். 'அண்ணி, போன வருஷம் நாங்க பொய் சொன்னோம்.' ஆறே வார்த்தை.

அவர் என்னைப் பேசவிடவில்லை.

"வா பிளேஸ். ஒரு வருஷமா உன்கிட்ட ஒண்ணு காட்டணும்னு இருந்தேன். நீ இந்தப் பக்கமே வரல."

பின்கட்டிலிருந்து ஒரு ஐஸ் பெட்டி மூடியை எடுத்து வந்தார். ஓரிஸ் அண்ணன் படகில் கிடந்தது. எத்தனை மணிக்கு மீன் கடித்தது என்று மூடியிலேயே மார்க்கரால் எழுதி வைப்பது அவர் வழக்கம். ஷெரீஃப் ஆபீஸில் விசாரணை முடிந்து, போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறது.

அவர் கையெழுத்து. போன வருஷத் தேதி.

7:10. வந்துட்டேன். வெல்டன் இங்கதான்னு சொல்றான். காணோம்.

7:31. தண்ணி வத்துது.

7:52. சிக்கிட்டேன். ஏரியல் போச்சு.

8:05. பிளேஸ் பேசினான். என் குளத்துலதான் இருக்காங்களாம். ரெண்டு மைல்தான். எறங்கி நடந்து போறேன்.

அதற்குக் கீழே எழுத்து இல்லை.

சளக்... இப்போதுதான் அந்தச் சத்தம் என்னவென்று புரிந்தது. சேற்றில் வைத்த முதல் கால்.

"அன்னைக்கு நீ அவர்கிட்டப் பேசினியா?" என்றார் அண்ணி.

"அன்னைக்கு நான் வாயே தொறக்கல, அண்ணி."

"ஷெரீஃபும் அதான் சொன்னாரு. ஒடஞ்ச ஏரியல்ல எதுவும் கேட்டிருக்காதாம். குளிர்ல புத்தி பேதலிச்சுப் போச்சாம். இல்லாத குரலெல்லாம் கேக்குமாம். வெல்டன் சொன்னதா எழுதினதும் அப்படித்தானாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், கடைசி நேரத்துல உன் குரல்தான் கேட்டிருக்கு அவருக்கு. உன் மேல அவ்வளவு பிரியம்டா."

தட்டில் அரிசி சாசேஜ் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

அந்த ஆறு வார்த்தையைச் சொல்லவில்லை.

மறுநாள் மாமா அந்தக் குளத்தில் சட்டம் அனுமதித்த கணக்குக்கு ஒன்று கூடக் குறையாமல் வாத்து சுட்டுக்கொண்டு, விசிலடித்தபடி வீட்டுக்கு வந்தார். நன்றாகத்தான் இருக்கிறார்.

எங்கள் குடும்பம் வயர்லெஸ்ஸில் எத்தனையோ ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறது. உண்மை ஒரே ஒரு தடவைதான் சொன்னோம்.

அதைக் கேட்டுத்தான் அவர் படகை விட்டு இறங்கினார்.