சத்தமில்லாமல் ஏறிய தண்ணீர்

போன ஜனவரியில், கொல்கத்தா நியூ டவுனில் இருக்கும் எங்கள் ஆபீஸில், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது இது. நான் இருந்தது ஏ.சி. போட்ட கண்ணாடிக் கட்டடத்துக்குள். என் அப்பா அம்மா இருந்தது ஓமன் நாட்டுக் கடலில், ஒரு மணல் திட்டின் மேல். நடுவில் ஒரு செல்போன், அவ்வளவுதான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புரியாது. பணம் படைத்தவர்கள் விடுமுறைக்குப் போகும் யாட் என்னும் சொகுசுப் படகு இருக்கிறதே, அந்தப் பயணங்களை விற்கும் ஒரு கம்பெனியில் நான் எழுதுகிறவள். ஒரு பக்கம் பாலைவனம், மறுபக்கம் கடல், நடுவில் டால்பின், ஆமை, திமிங்கிலம், பறவைகள் என்று படிக்கிறவர்கள் வாயைப் பிளக்கும்படி எழுத வேண்டும். புக் செய்தவர்களுக்கு என்ன எடுத்து வர வேண்டும், என்ன பார்க்கலாம் என்றும் நான்தான் சொல்வேன். நானோ அதுவரை ஏறிய பெரிய படகு ஹூக்ளியைக் கடக்கும் ஃபெர்ரிதான். ஆனால் பறவை என்றால் பைத்தியம். ஓமன் கரையில் எந்த மாதம் எந்தப் பறவை இறங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த சீசனில் ஒரு கேபின் கடைசி நேரத்தில் காலியாகிவிட்டது. ஊழியர்களின் குடும்பத்தார் யாராவது போகலாம் என்றார்கள். எனக்கு லீவு கிடையாது, சீசன். சரி, அப்பா அம்மாவை அனுப்பலாம் என்று முடிவு செய்தேன்.

அப்பா துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டார். வீடு கார்டன் ரீச்சில், ஆற்றுக்குப் பக்கத்திலேயே. ஆபீஸ் போய்வர தூரம் என்பதால் நான் மட்டும் தோழிகளோடு நியூ டவுனில் ஃபிளாட் எடுத்திருக்கிறேன். யாட் என்றதும் அப்பா மூக்கைச் சுளித்தார்.

"முப்பது வருஷமா கப்பலத்தான் பாத்துட்டு இருந்தேன். இனிமே கப்பல்ல ஏறி வேற பாக்கணுமா?"

"நீங்க பாத்தது சரக்குக் கப்பல்" என்றார் அம்மா. "இதுல என்னை ராணி மாதிரி வச்சுப்பாங்களாம். வராட்டி இருங்க, நான் மட்டும் போறேன்."

அப்பா கிளம்பிவிட்டார். பாலைவனத்துக்குப் போகும் மனிதர் கொல்கத்தா வழக்கப்படி காதை மூடும் கம்பளி மங்கி கேப்பையும் ஒரு பாக்கெட் முடியையும், அதாவது பொரியையும், பெட்டியில் வைத்துக்கொண்டார். முதல் இரண்டு நாளும் ஒரே போட்டோ மழை. அன்னம் போல மடித்துவைத்த துண்டு, பாத்ரூமுக்குள் நின்று சிரிக்கும் அம்மா, 'இந்த பாத்ரூம் நம்ம ஹாலை விடப் பெருசு' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸில் ஒருவர் விடாமல் காட்டினேன்.

மூன்றாம் நாள் மணல் திட்டுப் பயணம். அந்தக் கரையில் கடல் வற்றும்போது கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணல் வெளியே வந்துவிடும். அதில் நண்டும் புழுவும் தின்ன ஆயிரக்கணக்கில் பறவைகள் இறங்கும். யாட்டிலிருந்து ரப்பர் படகில் விருந்தினர்களைத் திட்டில் இறக்கி, சிவப்புக் கொடி ஒன்றை நட்டு, அதைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கைடு சொல்வார். திரும்பும்போது படகு இரண்டு நடை வரும். முதல் நடையில் வெள்ளைக்காரர்கள் போகட்டும், நாங்கள் கடைசியில் வருகிறோம் என்று அப்பா பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார். கைடு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போன அந்த இடைவெளியில்தான் அம்மா எனக்கு வீடியோ கால் போட்டார்.

"பாப்பா, பாத்தியா! நீ கேட்ட பூநாரை!"

ரோஜா நிறத்தில் ஒரு கூட்டமே நின்றது. நான் நாற்காலியிலிருந்து குதித்துவிட்டேன். பக்கத்து சீட்டு தீதியையும் இழுத்துக் காட்டினேன். தீதி என்றால் அக்கா. என் டீமில் மூத்தவர், வங்காளி. அப்பா போனை வாங்கி, இன்னும் கிட்டே போய்க் காட்டுகிறேன் என்று நடந்தார். பறவைகள் நகர நகர அவரும் நகர்ந்தார். அம்மா செருப்பைக் கழற்றி மணலில் விட்டுவிட்டு, ஈர மணல் காலுக்கு இதமாக இருக்கிறது என்று பின்னாலேயே போனார். நானும் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்பா' என்று உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தேன்.

பிறகு அப்பா, தன் முகமும் தெரியட்டும் என்று கேமராவைத் திருப்பினார். சிரித்த முகம். அவர் தோளுக்குப் பின்னால், தூரத்தில், சிவப்புக் கொடி.

கொடி தண்ணீரில் நின்றது.

எனக்கு உடனே புரியவில்லை. ஈர மணல் வெயிலில் மின்னுகிறது என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தேன். கொடிக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, பின்னாடி பாருங்க. தண்ணி."

அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஈர மண்ணுடி அது. தண்ணி ஏறினா சத்தம் கேக்காதா? கங்கைக் கரையில இருந்தவனுக்கு நீ சொல்லித் தர்றியா?"

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஹூக்ளியை எங்கள் வீட்டில் கங்கை என்றுதான் சொல்வோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதில் கடலிலிருந்து ஒரு அலை சுவர் மாதிரி ஏறி வரும். 'பான்' என்பார்கள். வருவதற்கு முன்பே இரைச்சல் கேட்கும். படகுக்காரர்கள் 'பான் வருது, பான் வருது' என்று கூவிக்கொண்டே படகுகளை நடு ஆற்றுக்குத் தள்ளுவார்கள். படித்துறையில் குளிப்பவர்கள் மேலே ஓடுவார்கள். தண்ணீர் ஏறுவது என்றாலே எங்களுக்கு அதுதான். முன்னால் சத்தம் வரும், பின்னால் தண்ணீர் வரும். அப்பா அந்த நம்பிக்கையில்தான் நின்றார். சிரிக்காதீர்கள், அவர் சொன்னதும் ஒரு நிமிஷம் நானும் நம்பினேன்! நானும் அந்தக் கரையில் வளர்ந்தவள்தானே. ஓமனிலோ கடல் முன்னாலிருந்து வரவில்லை. பள்ளங்கள் வழியாகப் பக்கவாட்டில் நுழைந்து, முதுகுக்குப் பின்னால், பால் பொங்குவது போல மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது. "என்னங்க, என் செருப்பு மிதக்குது."

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆம், துறைமுகத்திலேயே காலம் தள்ளிய அப்பாவுக்கும்தான். அவர் வேலை மேசையில், தண்ணீரில் இல்லை.

என் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. தீதிதான் தன் போனில் யாட் கேப்டனைப் பிடித்து என் இன்னொரு காதில் வைத்தார். அங்கே ஏற்கெனவே களேபரம். கொடிக்கு வந்த கைடு, ஆளைக் காணாமல், கரைப்பக்கம் நடந்திருப்பார்கள் என்று நினைத்துப் படகைப் பாலைவனத்தை நோக்கி விட்டுவிட்டாராம். கானல் அலையில் தூரத்தில் மனிதர் நிற்பது தெரியவே தெரியாதாம். எங்கே இருக்கிறார்கள் என்று கேப்டன் என்னைக் கேட்டார். கொல்கத்தாவில் உட்கார்ந்திருக்கும் என்னை! அம்மாவுக்கு லொகேஷன் அனுப்பத் தெரியாது. காலை வணக்கம் போட்ட பூப்படம் மட்டும்தான் அனுப்பத் தெரியும். வீடியோவையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேப்டனுக்கு அனுப்பினேன். அதில் கொடியும் இருந்தது, மூலையில் யாட்டும் சின்னதாகத் தெரிந்தது. கேப்டன் பார்த்துவிட்டுச் சொன்னார்: அவர்கள் கடல் பக்கம் போயிருக்கிறார்கள், எங்களுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அதுவரை நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். கொடியை நோக்கி நடக்கவே கூடாது, நடுவில் பள்ளம் இருக்கிறது, இழுத்துவிடும்.

இந்தக் காதில் கேப்டன். அந்தக் காதில் அப்பா.

"முழங்கால் அளவுதாண்டி இருக்கு. இப்பவே வேகமா நடந்தா போயிடலாம். நின்னா இன்னும் ஏறும்."

"வேணாம்பா, அங்க பள்ளம் இருக்காம்."

"அவன் எங்கயோ கப்பல்ல உக்காந்துட்டு சொல்றான். நான் இங்க நிக்கறேன். ஏய், என் கையப் புடி, வா."

படம் ஆடியது. அவர் அம்மாவை இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஏறும் தண்ணீரில் அசையாமல் நில் என்று பெற்றவர்களிடம் எப்படிச் சொல்வது? கேப்டன் சொன்னது தப்பாக இருந்தால்? அப்பா சொல்வதுதான் சரியாக இருந்தால்? யோசிக்க நேரமில்லை. வீட்டில் நான் அப்பாவிடம் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. தமிழில் எனக்குக் கோபம் வரவும் வரவில்லை. தெருவில் பிள்ளைகளோடு சண்டை போட்டு வளர்ந்த வங்காளி பாஷை வந்துவிட்டது.

"பாபா, தாராவ்! ஏக்தோம் நோட்பே நா!"

நில்லுங்கள், கொஞ்சமும் அசையக்கூடாது என்று அர்த்தம். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அப்பா நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி இரண்டு பேரும் முன்பு நின்ற இடத்துக்கே போங்கள், கையை விடாதீர்கள் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்தது. அம்மாவின் பாதி முகம், அதற்குப் பின்னால் முழுக்க நீலம். அப்புறம் லைன் போய்விட்டது.

கூப்பிட்டேன். அடிக்கவே இல்லை. மறுபடி கூப்பிட்டேன். ஓமன் நெட்வொர்க்கின் பெண் குரல் அரபியில் எதையோ நிதானமாகச் சொன்னது. கேப்டனும் ஆட்களை அனுப்ப வேண்டும் என்று போனை வைத்துவிட்டார்.

எங்கள் ஆபீஸ் சுவரில் அந்தக் கடற்கரையின் பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. வெறும் மணல், வெறும் கடல். கீழே நான் எழுதிய வரி: 'சுற்றிலும் மைல் கணக்கில் மனிதரே இல்லாத சுகம்.' அதைப் பார்க்கப் பார்க்கக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. நான் நிற்கச் சொன்ன இடத்தில் தண்ணீர் இப்போது எதுவரை ஏறியிருக்கும்? முழங்காலா, இடுப்பா? அம்மா அப்பாவை விடக் குள்ளம். நடந்திருந்தால் இந்நேரம் கொடிக்குப் போயிருப்பார்களோ, நான்தான் நிற்கவைத்துக் கொன்றுவிட்டேனோ என்று மனசு போகாத இடமெல்லாம் போயிற்று.

"கிச்சு ஹோபே நா, போஷ்" என்று தீதி என்னை உட்காரவைத்தார். ஒன்றும் ஆகாது, உட்கார் என்று சொல்லிவிட்டு அவரே கேப்டனின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. தீதிதான் பச்சையைத் தள்ளினார்.

"பாப்பா, நாங்க படகுல இருக்கோம்" என்றார் அம்மா. "புடவையெல்லாம் சேறு. போன் கடலோட போச்சு. உங்கப்பாவுக்கு நடுக்கம் நிக்கல, நீ பேசு."

நான் அழுதேன். அந்தப் பக்கம் அப்பா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்புறம் சின்னக் குரலில் சொன்னார், "சத்தமே கேக்கலடி."

அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மீதியை அம்மா ஊருக்கு வந்த பிறகு சொன்னார். ஆட்கள் வந்தபோது தண்ணீர் அம்மாவின் மார்பளவு இருந்ததாம். அப்பா அம்மாவை இடுப்போடு தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாராம். "கல்யாணமான புதுசுல கூட மனுஷன் என்னைத் தூக்கினது இல்ல, நடுக்கடல்ல தூக்குறாரு" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். வரும் வழியில் அந்தப் பள்ளத்தைப் படகிலிருந்து துடுப்பு விட்டுக் காட்டினார்களாம். துடுப்பு முழுக்க உள்ளே போயும் தரை தட்டவில்லையாம். இதைச் சொல்லும்போது மட்டும் அம்மா சிரிக்கவில்லை.

நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். சண்டை போட்டு, மணல் திட்டில் ஒரு நடை படகு போகும்போது விருந்தினரோடு ஒருவர் கண்டிப்பாகத் தங்க வேண்டும் என்று மாற்றவைத்தேன். பூநாரை என்றால் இன்னமும் குதிக்கத்தான் செய்கிறேன். ஆனால் தினமும் சாயங்காலம் கார்டன் ரீச்சுக்கு வீடியோ கால் போடும்போது அப்பா, "எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நிம்மதியாகப் போனை வைத்துவிட என்னால் இப்போது முடிவதில்லை. வயதாகிக்கொண்டு போகும் அந்த இரண்டு பேருக்குப் பின்னால் எது மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நிமிஷமாவது உற்றுப் பார்த்த பிறகுதான் வைக்கிறேன்.