பௌர்ணமியன்று ஒரு தூளி

கடலோர நகரமான டா நாங்கில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடை நடத்துகிறவர்களுக்கு மாதத்தில் இரண்டு நாள்தான் ஓய்வு: அமாவாசை, பௌர்ணமி. அன்று ஊரில் பாதிப் பேர் சைவம். கடையைத் திறந்தாலும் ஈதான் வரும். லுயெனும் அந்த இரண்டு நாளும் அடுப்பு பற்றவைப்பதில்லை. ஆனால் சும்மா இருந்ததும் இல்லை. அண்டாவைத் தேய்ப்பாள், மிளகாய் அரைத்து வைப்பாள், கோயிலுக்கு ஓடுவாள், வந்து துணி துவைப்பாள். கல்யாணமான புதிதில் அந்த அண்டாவுக்குப் பின்னால் நின்றவள், ஐம்பது வயதாகியும் நின்றுகொண்டே இருந்தாள்.

இந்த முறை பௌர்ணமியும் ஞாயிறும் ஒன்றாக வந்தன. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் அவள் கணவன் கியெமுக்கு வேலை இல்லை. மகள் யாங்குக்கும் விடுமுறை. மூன்று பேரும் எங்காவது போய் வரலாம் என்று பேச்சு எழுந்தது.

லுயெனுக்கு ஓர் ஆசை இருந்தது. ஹோய் ஆன் சாலையில் தங்கை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடை. மரத்துக்கு மரம் வலைத்தூளி கட்டியிருப்பார்கள். ஓர் இளநீரோ ஒரு கிண்ணம் நூடுல்ஸோ வாங்கினால் பொழுதெல்லாம் படுத்துக் கிடக்கலாம். எத்தனையோ வருஷமாக ஸ்கூட்டரில் அதைக் கடந்து போனவள், ஒரு தடவைகூட இறங்கியதில்லை. அதைச் சொன்னபோது மகள் சிரித்தாள்.

"தூளியில படுக்க நீ என்ன கைக்குழந்தையாம்மா? அதுக்கா ஒரு நாள் லீவு?"

யாங் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கொரியாக்காரர்களை பஸ்ஸில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவாள். அதனால் திட்டம் அவள் கைக்குப் போயிற்று. விடியலில் மி கே கடல், பிறகு சைவ நூடுல்ஸ், காப்பி, மதியம் பளிங்கு மலை, ராத்திரி நெருப்புக் கக்கும் டிராகன் பாலம். நடுவில் மூச்சு விட இடம் இல்லை. கியெமுக்கோ கிளிஞ்சல் தின்ன வேண்டும். பௌர்ணமியாயிற்றே என்று நினைவூட்டினார்கள். கிளிஞ்சலுக்குத்தான் கண்ணும் இல்லை காதும் இல்லையே, காய்கறி மாதிரிதானே என்று வாதாடிப் பார்த்தான். எடுபடவில்லை. லுயென் தன் ஆசையை இரண்டாம் முறை சொல்லவில்லை.

காலை நன்றாகவே போயிற்று. விடிகிற நேரத்தில் ஊரே கடலில் நின்றது. லுயெனும் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நின்றாள் என்பதுதான் விஷயம். காப்பிக் கடையிலும் இடம் கிடைக்காமல் சுவரோரமாக நின்றாள்.

உச்சி வெயிலில் பளிங்கு மலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். படிக்கட்டில் வெக்கை அலையலையாக ஏறியது. நுழைவுச் சீட்டு கொடுக்கும் பெண் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கியெம் தொண்டையைச் செருமியதும் தொப்பியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள்.

"நம்ம ஊருக்காரங்கதானே நீங்க? இந்த நேரத்துல வெளிநாட்டுக்காரங்கதான் வருவாங்க. போய்ப் படுங்க, வெயில் தாழ்ந்து வாங்க."

தொப்பி மறுபடி முகத்துக்குப் போயிற்று.

யாங்கின் முகம் சிவந்தது வெயிலால் மட்டும் அல்ல. டா நாங்கில் பிறந்தவர்கள் மதியத்தில் கட்டாந்தரையிலாவது சாய்ந்துவிடுவார்கள். அவளோ அந்த நேரமெல்லாம் குளிர்ந்த பஸ்ஸில் உட்கார்ந்து, பணம் கட்டி வந்தவர்களை மலையேற்றிவிட்டுக் காத்திருந்து பழகியவள். அதே கணக்கை அம்மா அப்பாவுக்கும் போட்டுவிட்டாள். யாரும் அவளைக் குத்திக் காட்டவில்லை. லுயென் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றாள். மகள் அந்தக் கால்களைப் பார்த்தாள்.

"அந்தத் தூளிக் கடை எங்கம்மா இருக்கு?"

கடை பக்கத்தில்தான். ஆனால் காலையிலேயே மலைக் கோயில்களுக்குப் போய்த் திரும்பிய வெளியூர்க் கூட்டம் ஒன்று அங்கே பசியோடு வந்திருந்தது. ஒரே ஒரு பெண் எல்லோருக்கும் சைவ நூடுல்ஸ் ஊற்றிக்கொண்டிருந்தாள். லுயென் கிடைத்த தூளியில் படுத்தாள். உடம்பு தொங்கியது, மனசு தொங்கவில்லை. அகப்பை அண்டா விளிம்பில் இடிக்கும் சத்தம் காதில் விழுந்தது. இப்படி இடித்தால் சாறு சிந்தும். கீரை வைக்க மறந்து ஒரு கிண்ணம் போகிறது. அவளறியாமல் ஒரு கால் மண்ணைத் தொட்டது. பிறகு இன்னொன்று.

"காலை எடு மேல," என்றான் கியெம். பக்கத்துத் தூளியில் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தான்.

"அந்தப் பொண்ணு தனியாத் தடுமாறுதுங்க."

"தடுமாறட்டும். நீ தடுமாறுனப்ப எவனாச்சும் தூளியிலேர்ந்து எறங்கி வந்தானா?"

லுயென் யோசித்துப் பார்த்தாள். எவனும் வந்ததில்லை. இவனும்தான். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யாங் எழுந்து போய்க் கீரைத் தட்டை வாங்கிக்கொண்டு கிண்ணங்களில் வைக்கத் தொடங்கியிருந்தாள். பெரிய கைப்பிடியாகத்தான் வைத்தாள். பரவாயில்லை. லுயென் காலை மேலே எடுத்துக்கொண்டாள்.

கண் விழித்தபோது வெயில் மரத்துக்குப் பின்னால் போயிருந்தது. ஸ்டூலில் தட்டு போட்டு மூடிய கிண்ணம் ஒன்று காத்திருந்தது. எழுப்ப மனசு வரவில்லை என்றாள் மகள். நூடுல்ஸ் ஊறிப் பருத்திருந்தது, சாறு ஆறிப்போயிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் கியெம்.

"உப்பு கம்மி," என்றாள் லுயென். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

பாலத்தில் ராத்திரி நெருப்பு விடுவதற்குள் இடம் பிடிக்க வேண்டும், கிளம்பலாமா என்று யாங் கேட்டாள். அந்த டிராகன் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு லுயென் மறுபடி படுத்தாள். இந்தத் தடவை கால்கள் தாமாகவே மேலேறின.