குங்குமம் பட்ட பேட்ஜ்

ஆயுதபூஜை அன்று எங்கள் ஊரில் யாரும் தறியில் கை வைக்கமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் தறியில் ஓடும் நாடாவுக்குப் பொட்டு வைத்துப் படைத்துவிட்டால் மறுநாள்வரை தொடக்கூடாது. நான் வேலைபார்த்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையிலும் அதே கதைதான். மெஷினுக்கு மாலை, சந்தனம், குங்குமம். அதன் காலடியில் ஒரு தாம்பாளம். அதில் கத்தரிக்கோலும் இடுக்கியும் வைத்து, கூடவே எங்கள் பேட்ஜ்களையும் கழற்றிவைத்துப் பொட்டிடுவோம்.

எக்ஸ்ரே வேலைக்காரர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் அது. உள்ளே காகிதம் சுற்றிய, கதிர் பட்டால் கறுக்கிற சின்ன ஃபிலிம் இருக்கும். மாதம் முடிந்ததும் அதை பம்பாய்க்கு அனுப்புவோம். அவர்கள் கழுவிப் பார்த்து, இன்னார் உடம்பில் இவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று எழுதுவார்கள். அது நம் பெயருக்குள்ள அட்டையில் ஏறும். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அட்டை பின்னாலேயே வரும். கதிர் சுடாது, வலிக்காது. பட்டதற்கு அந்த அட்டையை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அதனால்தான் மற்றவர்கள் மேஜை டிராயரில் போட்டுவைத்த பேட்ஜை நான் தாலியைப்போல விடாமல் அணிந்திருந்தேன். என்னைக் கேலி செய்யாத ஆள் அங்கே இல்லை.

அறைக்குப் பொறுப்பாக இருந்தவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வாய்வார்த்தைக்கு அல்ல. எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. என் கல்யாணத்தில் பெண்ணின் கையில் பொரி போடச் சகோதரன் வேண்டும் என்று ஐயர் கேட்டபோது, தானாக எழுந்துவந்து போட்டவர் அவர். பம்பாய்க்கு ஃபிலிம் அனுப்புவதும், வரும் பதிலை அட்டையில் ஏற்றுவதும் அவர் வேலை.

அந்த வருடம் பூஜை முடிந்து பொரிகடலையைக் கையில் வாங்கினோம், வாயில் போடவில்லை. தாமல் ஏரிக்கரையில் வாழைமரம் கட்டிய லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டது. பூஜை போட்ட லாரியில் ஊர்ப்பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று காட்டியிருக்கிறார்கள். கை ஒடிந்தது, கால் ஒடிந்தது என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணா மாலையை ஒதுக்கிவிட்டு, தாம்பாளத்தை அவரே தூக்கி வெளியே வராந்தாவில் வைத்தார். அதிலிருந்து என் பேட்ஜை எடுத்து, ஈரக் குங்குமத்தோடு நான் குத்திக்கொண்டேன்.

அவர் மறைப்புக்குப் பின்னால் நின்று சுவிட்சைப் போட்டார். நான் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டேன். வலியில் துள்ளுகிற பிள்ளையைப் பிடிக்காமல் படம் எடுக்க முடியாது. கதிரைத் தடுக்கும் ஈய அங்கி ஒன்றுதான் இருந்தது. அது மடிப்பில் வெடித்துப்போய் மூலையில் கிடந்தது. புதிது கேட்டு எழுதவேண்டியவர் அண்ணா, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். சாயங்காலம்வரை அங்கியில்லாமல்தான் நின்றேன்.

என் வயிற்றில் கரு தங்கியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தபின் லேடி டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். பூஜை மாதம் உன் பேட்ஜ் எவ்வளவு காட்டியது, அதைக் கொண்டுவா, அதிகமாக இருந்தால் எக்ஸ்ரேயிலிருந்து மாற்றி வார்டில் போடச்சொல்லி எழுதுகிறேன் என்றார். பயத்திலும் எங்கேயோ ஒரு தைரியம் இருந்தது. பட்டது எவ்வளவு என்று அட்டை சொல்லிவிடும். மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பார்க்கலாம்.

ஆபீஸில் அட்டையைக் கேட்டேன். கிளார்க் சிரித்தார்.

"ஏம்மா, பூஜைல வச்ச பேட்ஜ மெஷினுக்கு அடியிலயே மறந்துட்டியாமே? பம்பாய்லேர்ந்து கேட்டாங்க, உங்கண்ணன்தான் எழுதிப்போட்டு உன்ன காப்பாத்துனாரு."

என் ஃபிலிம் மிக அதிகமாகக் கறுத்திருந்ததாம். பம்பாய்க்காரர்கள் காரணம் கேட்டிருக்கிறார்கள். பூஜைக்காகக் கழற்றிய பேட்ஜ் மெஷினடியில் தவறுதலாகக் கிடந்தது, ஃபிலிம் உறையில் ஒட்டியுள்ள குங்குமமே அத்தாட்சி என்று அண்ணா பதில் போட்டிருக்கிறார். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். என் அட்டையில் அந்த மாதத்துக்கு நேராக, 'அணிந்தவருக்கு உரியதல்ல' என்று இருந்தது.

அவர் டார்க்ரூமிலிருந்து வெளியே வரும்வரை காத்திருந்தேன். கேட்டதும் அவர் மறுக்கக்கூட இல்லை. விசாரணை வந்தால் அங்கி எங்கே என்று கேட்பார்கள், அறையை மூடுவார்கள், தற்காலிக ஆள் என்று முதலில் உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அடுக்கினார். கடைசியில், "உன் நல்லதுக்குத்தாம்மா எழுதுனேன்" என்றார்.

"அந்தத் தாம்பாளத்த நீங்கதானே தூக்கி வெளியே வச்சீங்க? அன்னிக்கு அந்தப் பசங்களப் புடிச்சிக்கினு நின்னது யாருண்ணா? பேட்ஜா?"

அவர் கையிலிருந்த ஃபிலிமை உதறிக் கிளிப்பில் மாட்டினார்.

அங்கியைப் பற்றி எழுதச் சோம்பல்பட்டவருக்கு என்னைப் பற்றிப் பொய் எழுத மட்டும் கை ஓடியிருக்கிறது. பகையாளி செய்திருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். பொரி போட்ட கை அது. பம்பாய்க்கு நானும் எழுதிப்போட்டேன். பொறுப்பாளர் மூலம் வரவேண்டும் என்று அது திரும்பி அவர் மேஜைக்கே வந்தது. பெரிய டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, ஒன்றுமே படவில்லையே, எதற்கு வார்டு என்றார். வயிறு வெளியே தெரிகிறவரை அந்த அறையிலேயேதான் நின்றேன்.

மகள் பிறந்தாள். நன்றாகத்தான் பிறந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், மூக்கில் சொட்டு ரத்தம் வந்தால், எனக்கு அந்த லாரிப் பிள்ளைகளின் அலறல் கேட்கும். எவ்வளவு என்று தெரிந்திருந்தால் அந்த அளவுக்குப் பயந்திருப்பேன். தெரியாததால் என் பயத்துக்கு அளவே இல்லாமல் போயிற்று.

அடுத்த ஆயுதபூஜைக்கு நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். மெஷினுக்கு மாலை போட்டாயிற்று. அண்ணா தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமாக வந்தார். முன்னால் நின்றவர்கள் பேட்ஜை அதில் வைத்தார்கள். என் முன்னால் வந்து நின்றார்.

"வைம்மா."

"நான் போட்டுக்கினே இருக்கேன். நல்லா பாத்துக்கோங்க."

எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவர் தாம்பாளத்தோடு அடுத்த ஆளிடம் போனார்.